ஜல்லிக்கட்டுக் காளைக்கு மொபைல் ஈசிஜி: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

ஜல்லிக்கட்டு சீசன் தொடங்கினால் முதல் பேச்சே புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சிதான். 2019-ல் இதே மாவட்டத்தின் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. 2017-ல் வந்த தமிழக அரசின் விதிகள்படி, கால்நடை மருத்துவர் பரிசோதித்துத் தகுதி சொன்ன காளைதான் களத்துக்கு வர முடியும். இந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்துவிட்டது.

அவ்வளவு கூட்டத்தில் ஒரு காளையின் இதயத்தை எப்படிப் பார்ப்பது? பாக்கெட்டில் இருக்கும் மொபைல் உதவுமா? உதவும். ஆனால் ஓர் எல்லை வரைதான்.

எப்படி வேலை செய்கிறது?

இதயம் துடிக்கும்போது மிகச்சிறிய மின்னோட்டம் உடலில் பரவும். அதைப் பதிவு செய்வதுதான் ஈசிஜி. மொபைல் ஈசிஜி என்பது விரல் நீளப் பட்டை. அதில் 2 மின்முனைகள் இருக்கும். நாம் அதில் விரல் வைப்போம். மாட்டுக்கு என்றால் இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், நெஞ்சில் வைக்க வேண்டும். ரோமம் மறைக்கும் என்பதால் அந்த இடத்தை ஸ்பிரிட் அல்லது ஜெல் போட்டு நனைப்பார்கள். 30 விநாடி அசையாமல் நின்றால் போதும், திரையில் கோடு வந்துவிடும். வாட்ஸ்அப்பில் டாக்டருக்கும் அனுப்பலாம்.

'ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிவிட்டால் போதாதா?' என்றால், போதாது. அது தோலில் ஒளி பாய்ச்சித் துடிப்பை எண்ணுவது. அடர்ந்த ரோமத்தில் அந்த வேலை நடக்காது.

நிரூபிக்கப்பட்டதா?

அமெரிக்காவின் அலைவ்கோர் நிறுவனம் 2012-லேயே இந்தச் சாதனத்தைக் கால்நடை மருத்துவர்களுக்குக் கொடுத்தது. மனிதர்களுக்கான அரசு அனுமதி அதே ஆண்டு இறுதியில்தான் கிடைத்தது. பிறகு நாய், பூனை, குதிரைகளில் ஆய்வுகள் நடந்தன. கறவை மாடுகளில் இத்தாலியின் பீசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். துடிப்பின் வேகம், தாளம் இரண்டிலும் வழக்கமான ஈசிஜியோடு பெரும்பாலும் ஒத்துப்போனது.

அப்போ எல்லை எங்கே?

முதலில், ஆப் போடும் தீர்ப்பு. அது மனிதர்களுக்காக எழுதப்பட்டது. ஓய்வில் இருக்கும் நமக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு. வளர்ந்த மாட்டுக்கு 48 முதல் 84. ஆரோக்கியமான நாய்க்கு மூச்சோடு சேர்ந்து துடிப்பு ஏறி இறங்கும். ஆப் அதையும் கோளாறு என்று காட்டலாம். எனவே கோட்டைப் படிக்க வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

இரண்டாவது, மாட்டின் இதய அமைப்பு. மின்சாரத்தைக் கடத்தும் இழைகள் தசைக்குள் ஆழமாக ஓடுவதால், இதயம் வீங்கியிருக்கிறதா என்பதை ஈசிஜி கோட்டை வைத்துச் சொல்ல முடியாது. வால்வு பழுதும் அப்படித்தான். அதற்கு ஸ்கேன் வேண்டும். தீவனத்தோடு கம்பியோ ஆணியோ விழுங்கி, அது இரைப்பையைத் துளைத்து இதய உறையைக் குத்துவது மாடுகளில் தெரிந்த ஆபத்து. மொபைலில் தாளம் சரியாக இருந்தாலும் இது இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவது, நேரம். வண்டிப் பயணம், கொட்டு, கூட்டம் எல்லாம் சேர்ந்தால் எந்தக் காளைக்கும் துடிப்பு எகிறும். நிற்காமல் அசைந்தால் கோடே குழம்பிவிடும். வாடிவாசல் அருகே எடுப்பதைவிட, சில வாரம் முன்பே கொட்டகையில் அமைதியாக நிற்கும்போது எடுத்து வைப்பதுதான் ஒப்பிடப் பயன்படும்.

யாருக்கு லாபம்?

பயிற்சியில் சீக்கிரம் மூச்சு வாங்கும் காளைக்கு, தீனி எடுக்காமல் வயிறு உப்பிய பசுவுக்கு இது முக்கியம். மாடுகளில் அதிகம் காணப்படும் தாளக் கோளாறு, மேலறை நடுக்கம். வயிற்றுக் கோளாறாலும் தாது உப்புக் குறைவாலும் அது வரும். அவற்றைச் சரி செய்தால் பல நேரம் தானே அடங்கும். மருத்துவர் கொட்டகையிலேயே அதைக் கண்டுபிடித்தால், மாட்டை வண்டியேற்றி அலைய வேண்டாம். சந்தேகம் இருந்தால் பக்கத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவசரம் என்றால் 1962-க்கு அழைக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆப்பில் 'நார்மல்' என்று வந்தால், அந்த 30 விநாடியில் தாளம் சரியாக இருந்தது என்று மட்டுமே பொருள். காளை ஓடத் தகுதியானது என்ற சான்று அது அல்ல.