சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகும்

2024 ஜனவரி 2 அன்று மாலை டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் பதிவான உரையாடலை நம் கட்டுப்பாட்டாளர் பயிற்சி வகுப்பில் எழுத்தில் கொடுத்து, பிழை எங்கே என்று கேட்டால், பிழையே இல்லை என்றுதான் பலரும் எழுதுவார்கள். ஜப்பான் கடலோரக் காவல்படையின் டாஷ்-8 விமானத்திடம் கோபுரம், "நம்பர் ஒன், சி5 ஹோல்டிங் பாயின்ட் வரை டாக்சி செய்யுங்கள்" என்ற பொருளில் கட்டளை கொடுத்தது. மறுமொழியில் இடம் சரியாக இருந்தது, கால்சைன் சரியாக இருந்தது, வரிசை எண்ணும் இருந்தது, நன்றிகூடச் சொன்னார்கள். பிறகு அந்த விமானம் சி5-ஐத் தாண்டி 34ஆர் ஓடுபாதைக்குள் நுழைந்து, ஏறத்தாழ 40 நொடி அங்கேயே நின்றது. சப்போரோவிலிருந்து வந்திறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மீது மோதியது. டாஷ்-8இல் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். ஏ350இல் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து உயிருடன் வெளியே வந்தார்கள்.

கட்டளையைத் திருப்பிச் சொல்லும் ரீட்பேக்கின் மதிப்பைக் குறைக்க இதை எழுதவில்லை. அது கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1989 பிப்ரவரி 19 சாட்சி. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் 66 சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்க அனுமதி. கட்டுப்பாட்டாளர் அதை "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். முதல் இலக்கம் காக்பிட்டில் 'வரை' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழுந்தது, மிச்சம் 400. "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று கேப்டன் சொன்னதைக் கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி ஒலித்தும் விமானிகள் மேலேறவில்லை. கடல்மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் குன்றுச் சரிவில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். திருப்பிச் சொல்வதைக் கட்டுப்பாட்டாளர் காதுகொடுத்துக் கேட்டு, பிழையை உடனே திருத்த வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேயோவின் அனெக்ஸ் 11 வலியுறுத்துவதன் அருமை இங்கே புரியும்.

ஆனால் அந்த விதி சோதிப்பது, சொன்ன சொற்கள் போய்ச் சேர்ந்தனவா என்பதை மட்டுமே. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு கேட்டவர் மனத்தில் என்ன படம் வரைந்துகொண்டார் என்பது அலைவரிசையில் ஒலிப்பதில்லை. ஹனேடாவில் ஏ350க்குத் தரையிறங்க அனுமதி கொடுத்தது, காவல்படை விமானம் கோபுரத்தை முதன்முறை அழைப்பதற்குச் சுமார் கால் நிமிடம் முன்பு. அழைத்த பின் அவர்களிடம் யாரும், ஒரு விமானம் இறங்க வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முந்தைய நாள் நோட்டோவில் நிலநடுக்கம். நிவாரணப் பொருள்களோடு கிளம்பிக்கொண்டிருந்தவர்களின் காதில் நம்பர் ஒன் என்ற சொல் விழுகிறது. ஓடுபாதைக்குள் போக அனுமதி கிடைத்துவிட்டதாகத் தாம் எண்ணியதாகக் கேப்டன் பின்னர் சொன்னார். புறப்படத் துடிக்கும் மனம், எதிர்பார்த்துக்கொண்டிருந்த அனுமதியைக் கேட்ட சொற்களுக்குள் தானே நுழைத்துக்கொள்ளும். வாய் மட்டும் கட்டளையைப் பிசகின்றித் திருப்பிச் சொல்லும்.

டெனரீஃபில் நடந்ததும் இதுவே. 1977 மார்ச் 27 அன்று கேஎல்எம் துணை விமானி திருப்பிச் சொன்னது, புறப்பட்ட பின் செல்லவேண்டிய பாதைக்கான அனுமதியை. அந்த அனுமதி வந்ததுமே ஓடிக் கிளம்பும் அனுமதியும் சேர்ந்து வந்துவிட்டதாகக் கேப்டன் கொண்டார். காத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் குரலும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானத்தின் குரலும் ஒரே நொடியில் ஒன்றையொன்று அமுக்கின. இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். டேக்ஆஃப் என்ற சொல்லை உண்மையான அனுமதிக்கும் அதை ரத்து செய்வதற்கும் தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது என்று நாம் இன்று கடைப்பிடிப்பது அந்த நாளின் பாடத்தால்.

மொழித்தேர்ச்சியைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். 2008 முதல் பன்னாட்டுப் பறப்புக்கு நிலை 4 ஆங்கிலம் வேண்டும் என்பது நல்ல விதிதான். ஹனேடாவிலோ இரு தரப்பும் ஜப்பானியர்கள். பேசியது அன்றாடம் பேசும் சொற்றொடர்.

நம் மண்ணில் நடந்த சர்க்கி தாத்ரி வான்மோதலை மொழிப் பிரச்சினை என்று ஒரு வரியில் முடித்துவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. 1996 நவம்பர் 12. டெல்லிக்கு இறங்கிய கஜகஸ்தான் இல்யூஷின்-76க்கு 15,000 அடி. எதிரே ஏறிவந்த சவூதியா 747க்கு 14,000 அடி. ஆங்கிலக் குறை இருந்தது உண்மை. ஆயினும் கஜகஸ்தான் விமானத்தின் காக்பிட்டில் கட்டுப்பாட்டாளரோடு பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. 15,000 என்று அவர் சொன்னது சரியே. விமானமோ அதைத் தாண்டி இறங்கிக்கொண்டே போய் 747உடன் மோதியது. அன்று டெல்லியில் இருந்த முதன்மை ரேடார் உயரத்தைக் காட்டாது. கட்டுப்பாட்டாளருக்கு அந்த வாய்ச்சொல்லே ஆதாரம். 349 பேரைப் பறிகொடுத்த பிறகுதான் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழிகளும், மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டிகாஸ் கருவியின் கட்டாயமும் வந்தன.

இவற்றை ஏன் இப்போது அடுக்குகிறேன் என்றால், நம் ஒலிப்பதிவுத் தணிக்கைகள் ரீட்பேக் சரியா தவறா என்று பார்த்துக் குறி போடுவதோடு நின்றுவிடுகின்றன. ஹனேடா ஒலிப்பதிவு நம் மேசைக்கு வந்திருந்தால் முழு மதிப்பெண் பெற்றுப் போயிருக்கும். கட்டளைக்குப் பின் விமானம் எங்கே நகர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காத தணிக்கை பாதி வேலை.

விமானிகளிடம் ஒன்று கேட்கிறோம். ஹோல்டிங் கோட்டைத் தாண்டுமுன் இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: எந்த ஓடுபாதை, என்ன அனுமதி, எந்தச் சொற்களில் வந்தது. ஒருவர் சொல்ல மற்றவர் தலையசைப்பது போதாது. இருவரில் ஒருவருக்கு அந்தச் சொற்கள் நினைவில் இல்லையென்றால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நெரிசலான அலைவரிசையில் மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று இளம் துணை விமானிகள் சொல்வது நமக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தை வளர்த்ததில் கோபுரத்தின் எரிச்சல் குரலுக்குப் பங்குண்டு. 'ஸே அகெய்ன்' என்பவரிடம் வேகமாகவும் உரக்கவும் அதே வாக்கியத்தை எறிகிறோம். அவர் அடுத்த முறை கேட்கமாட்டார், ஊகித்துக்கொள்வார்.

ஹனேடா கோபுரத்தின் திரையில் ஓடுபாதை ஆக்கிரமிப்பு எச்சரிக்கை தோன்றியது. அதற்கு ஒலி இல்லை, கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை. அடுத்தடுத்து வரும் விமானங்களைப் பிரித்தபடி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பவரிடம், மௌனமாக நிறம் மாறும் ஒரு மூலையையும் கவனித்துக்கொள் என்று சொல்வது கருவியை வாங்கியதாகக் கணக்குக் காட்டவே உதவும். விபத்துக்குப் பின் அங்கே திரையைப் பார்ப்பதற்கென்றே ஆள் அமர்த்தினார்கள். நம் கோபுரங்களிலும், குறிப்பாக இரு ஓடுபாதைகள் குறுக்கே வெட்டிச் செல்லும் சென்னை போன்ற இடங்களில், உச்ச நேரத்திலாவது அந்த இரண்டாவது ஜோடிக் கண்கள் வேண்டும். ஆள் இல்லை என்ற பதிலை நிர்வாகம் எழுத்தில் தரட்டும்.

வரிசை எண் சொல்வதை ஜப்பான் சில மாதங்கள் நிறுத்திவைத்து, 2024 ஆகஸ்டில் மீண்டும் அனுமதித்தது. அது சரியான முடிவு என்று கருதுகிறோம். வரிசை தெரிந்தால் விமானி என்ஜின், செக்லிஸ்ட் எல்லாவற்றையும் அதற்கேற்பத் திட்டமிட முடியும். தகவலைக் குறைத்துப் பாதுகாப்பைக் கூட்ட முடியாது. எண்ணோடு கூட, இறங்க வரும் விமானம் எத்தனை மைலில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டால் காத்திருப்பதன் காரணம் காக்பிட்டுக்குப் புரிந்துவிடும். கூடுதலாக ஆவது இரண்டு நொடி. இதை உள்ளூர் நடைமுறையில் சேர்க்க ஒவ்வொரு நிலையமும் முன்வர வேண்டும். அடுத்த புத்தறிவுப் பயிற்சியில் சிமுலேட்டரில் ஒரு காட்சியும் கட்டாயம் இடம்பெறட்டும்: ரீட்பேக் அப்பழுக்கின்றி வருகிறது, விமானம் கோட்டைத் தாண்டுகிறது, இறங்கும் விமானம் இரண்டு மைலில். அதைக் கட்டுப்பாட்டாளர் எத்தனை நொடியில் காண்கிறார் என்று அளந்து எழுதி வையுங்கள்.