பிறவித் திறமை என்றொரு பொய்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. காசிமேட்டில் அது கடன் வாங்கும் காலம், வலையைச் சீர்செய்யும் காலம். எங்கள் தெருவுக்கு அது கால்பந்துக் காலமும் கூட. வேலை இல்லாத ஆண்கள், பரீட்சை முடிந்த பையன்கள், எல்லோரும் மாலையானால் என்4 கடற்கரைப் பக்கம் மணலில்தான் இருப்பார்கள். செவன்ஸ் டோர்னமென்ட் நடக்கும். கோப்பை, கொஞ்சம் துட்டு, ஜெயித்த தெருவுக்கு ஒரு வருஷத்து வாய்ச்சவடால்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் டிரான்ஸ்ஃபர் அங்கேதான் நடந்தது. எனக்கு 14 வயது. எங்கள் அணிக்கு லெஃப்ட் விங்கில் ஆள் இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சேரியிலிருந்து ஓர் அண்ணனைக் கூட்டி வந்தார்கள். ‘கெஸ்ட் ப்ளேயர்’ என்று பெயர். மேட்சுக்கு 200 ரூபாய், ஒரு பிரியாணி. அரையிறுதியில் ஒன்று, இறுதியில் ஒன்று என்று இரண்டு கோல் போட்டார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு தெருக் கோயிலுக்குப் போனோம். எங்கள் ஜெர்சியைப் போட்டிருந்த அந்த அண்ணன் மட்டும் முனை டீக்கடையில் நின்றுவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. அடுத்த தடைக்காலத்திலும் அவர் வந்தார், அதே டீக்கடையில் நின்றார். பத்து வருஷம் இப்படியே போனது.

நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கும் சாதி. ‘மீன்காரப் பசங்க’ என்று பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பிடித்தவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். அந்த டீக்கடையைப் பற்றிப் பேச எனக்கு ஆய்வுப் பட்டம் வரை வர வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் கால்பந்தின் ‘க்ளப் அடையாளம்’ பற்றி நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வடசென்னையிலிருந்து ஒரு பையன் மேலே வந்தால் ஊடகங்கள் எழுதுவது எப்போதும் ஒரே கதை: குப்பையில் கிடைத்த மாணிக்கம், சேற்றில் பூத்த தாமரை, குப்பத்தில் கண்டெடுத்த வைரம். ‘நேச்சுரல் டேலன்ட்’ என்று வர்ணனையாளர் உருகுவார். கேட்க நன்றாக இருக்கிறது, பாராட்டு போலவே இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் ஒரு பையன் நன்றாக ஆடினால் எந்த அகாடமி, எந்தப் பயிற்சியாளர், எத்தனை வயதில் சேர்ந்தான் என்று வரலாறே சொல்கிறார்கள். பார்சிலோனா என்றால் லா மாசியா என்று நாமே சொல்வோம். வியாசர்பாடிப் பையனுக்கு மட்டும் அது ரத்தத்தில் இருக்கிறதாம்.

பிறப்பால் வருவது திறமை என்பது வேறு எங்கே கேட்ட வசனம்? பறை அடிக்கிறவருக்கு அது பிறவியிலேயே வரும், கடலுக்குப் போகிறவனுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டாம், துணி வெளுப்பவர் கைக்கு அது தானாக வரும் என்பார்கள். உழைத்துக் கற்ற தொழிலைப் பிறப்பின் குணமாக மாற்றுவதுதான் வர்ணத்தின் அடிப்படைக் கணக்கு. கற்றுக்கொண்டது என்று ஒப்புக்கொண்டால் கற்பித்தவருக்கு மரியாதை தர வேண்டும், கூலி தர வேண்டும். பிறவியில் வந்தது என்று சொல்லிவிட்டால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. வைரம் மண்ணில் கிடந்தது, எடுத்தவனுக்குச் சொந்தம்!

எங்கள் பகுதியில் ஓர் அண்ணன் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. படகு இன்ஜின் மெக்கானிக். இருபது வருஷத்துக்கும் மேலாக மாலை நாலரைக்கு டீசல் கையைத் துடைத்துவிட்டு வந்து பையன்களை ஆட வைக்கிறார். வலது காலையே நம்பும் பையனுக்கு இடது காலில் மட்டும் ஷூவை மாட்டச் சொல்வார், வெறுங்காலால் பந்தைத் தொட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே. ஐஸ் கம்பெனிச் சுவரில் சுண்ணாம்பால் மூன்று கட்டம் போட்டு, எந்தக் கட்டம் என்று கடைசி நொடியில் கத்துவார், அங்கே அடிக்க வேண்டும். தலையைத் தூக்கி ஆடப் பழக இது போதும் என்பது அவர் கட்சி. இரண்டு நாள் ஒரு பையன் வரவில்லையென்றால் வீட்டுக்கே போய்விடுவார். பாதி நேரம் பிரச்சினை கால்பந்து அல்ல, அப்பாவின் குடி, இல்லையென்றால் துறைமுகத்தில் கிடைத்த கூலி வேலை. இதில் எது பிறவித் திறமை? இத்தனையும் உழைப்பு. எந்தக் கணக்கிலும் ஏறாத உழைப்பு.

கணக்கு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதுதான் வேடிக்கை. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு க்ளப்புக்குப் பணத்துக்குப் போனால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த க்ளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வரையிலான நான்கு பருவங்களுக்கு மொத்தத் தொகையில் தலா 0.25 விழுக்காடு. எங்கள் அண்ணனிடம் நான்கு வருஷம் ஆடிய பையன் ஒருநாள் 1 கோடி ரூபாய்க்குப் போனால், 1 லட்சம் இந்த மணலுக்கு வர வேண்டும். முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது பயிற்சி இழப்பீடு என்று தனியாக இன்னொன்று உண்டு. உள்நாட்டுக்குள்ளும் இளையோரைப் பயிற்றுவிக்கும் க்ளப்புகளுக்குப் பலன் தரும் ஏற்பாடு ஒவ்வொரு தேசிய சங்கத்தின் விதிகளிலும் இருக்க வேண்டும் என்றும் ஃபிஃபா சொல்கிறது.

ஆனால் இதெல்லாம் ‘க்ளப்’புக்கு. சங்கத்தில் பதிவு பெற்ற க்ளப், அதில் பெயர் பதிந்த வீரர், வீரரின் பாஸ்போர்ட் எனப்படும் பதிவேட்டில் அந்த வருஷங்கள். பதிவு இல்லையா, பயிற்சியும் இல்லை. பட்டா இல்லாதவன் எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் ஆக்கிரமிப்பாளன் ஆவதைப் போலத்தான் இதுவும். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் நம் ஆட்களை லாரியில் ஏற்றிய தர்க்கம் கால்பந்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கேள்வி: இவர்கள் எந்த க்ளப்புக்கு ஆடுகிறார்கள்? நந்தகுமார் சேகர் சென்னைப் பையன். சென்னை சிட்டியில் ஆடினார், பிறகு டெல்லி டைனமோஸ். 2019இல் அந்த டெல்லி அணியே மூட்டை கட்டிக்கொண்டு புவனேஸ்வர் போய் ஒடிசா எஃப்சி ஆனது. வீரர் மட்டுமில்லை, க்ளப்பே டிரான்ஸ்ஃபர் ஆன கதை! அங்கிருந்து ஈஸ்ட் பெங்கால். 2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒரே கோலில், நான்கு ஆண்டுகளுக்கு மேல் டெர்பி ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. வியாசர்பாடியின் தனபால் கணேஷ் புனே எஃப்சிக்குப் போய்த்தான் தொழில்முறை வீரரானார், அதன்பின்தான் சென்னையின் எஃப்சியின் நீலச் சட்டை. அந்தப் புனே எஃப்சி இன்று இல்லை.

சென்னை சிட்டியும் அப்படித்தான். 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் க்ளப்பாகத் தொடங்கியது. கோயம்புத்தூரில் ஆடியபடியே சென்னை என்ற பெயரில் 2018–19 ஐ-லீக்கை வென்றது. வென்றும் ஐஎஸ்எல்லுக்கு ஏற முடியவில்லை, அப்போது அந்த ஏணியே கிடையாது. 2020–21க்குப் பிறகு ஐ-லீக்கிலும் அது இல்லை. ஆட்டத்தில் ஜெயித்தவன் அன்று உள்ளே வர முடியவில்லை, பணம் கட்டியவன் தோற்றாலும் வெளியே போகவில்லை. மெரிட் மெரிட் என்று நம்மிடம் பாடம் எடுப்பவர்கள் இந்த லீகைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

‘சென்னையின்’ என்ற பெயரைப் பாருங்கள். தமிழில் அது முடியாத சொல். சென்னையின் எது? சென்னையின் யார்? 2014இல் அந்த அணி வந்தபோது நீலத்தைப் பார்த்து மனசு இளகியது உண்மை. அது நம்ம நீலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்துக்கு மெரினா அரீனா என்று பெயர் மாற்றி எழுதினார்கள், கடலே தெரியாத இடத்துக்கு. அதையும் மன்னித்தேன். 2015இலும் 2018இலும் கோப்பை வந்தபோது கத்தித் தொண்டை கட்டியது. இன்னமும் அந்த அணிக்குத்தான் கத்துகிறேன். ஆனால் 2025 ஜூலையில், வணிக உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது என்று லீகையே நிறுத்திவைத்தார்களே, அந்த மாதங்களில் ஒன்று புரிந்தது. ஒரு கையெழுத்து இல்லையென்றால் அந்தக் கால்பந்து நின்றுவிடும். எங்கள் மணலில் நாலரை மணி ஆட்டம் ஒருநாளும் நிற்கவில்லை.

அப்படியானால் மண்ணின் மைந்தர்களை வைத்தே அணி கட்டலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். உடனே பாஸ்க் வீரர்களை மட்டும் சேர்க்கும் அத்லெடிக் பில்பாவோவை இழுப்பார்கள். எனக்கு அந்த அணி பிடிக்கும். ஆனால் இந்த மண்ணில் ‘மண்ணின் மைந்தன்’ என்ற சொல் எவ்வளவு சீக்கிரம் சாதியாகச் சுருங்கும் என்பதற்குக் கிராமத்து விளையாட்டுப் போட்டிகளின் பேனர்களே சாட்சி. ஈஸ்ட் பெங்கால் அகதிகளின் அணி என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே கிழக்கு வங்கத்திலிருந்து வந்த தலித் அகதிகளைத் தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்தவர்களுக்கு 1979இல் மரிச்ஜாப்பி நடந்தது. எந்த அகதியின் கண்ணீர் க்ளப்பின் வரலாறாகிறது என்பதையும் சாதிதான் முடிவு செய்கிறது. எங்கள் தெரு அணியும் ‘நம்ம பசங்க’ என்றுதான் கத்தியது, டீக்கடையில் ஒருவரை நிறுத்திவிட்டு. அதனால் எனக்குக் க்ளப் அடையாளம் என்றால் யார் ஆடுகிறார்கள் என்பது மட்டுமல்ல. மைதானம் யாருடையது?

2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றார்கள், நல்லது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தினம் இரண்டு மணி நேரம், மாதம் 25 நாள் ஆடினால் ஒரு பையனுக்கு 6,000 ரூபாய். ஐஸ் உடைக்கும் அப்பாவின் வீட்டில் அரிசிக்கும் வாடகைக்கும் மிஞ்சி இதைக் கட்டுவது யார்? சென்னையின் முதல் தலித் பெண் மேயர் அமர்ந்திருக்கும் மன்றத்திலேயே இது நிறைவேறியது என்பதைக் குத்திக்காட்டலாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொல்கிறேன். கோப்பு எழுதுகிற இடத்தில் யாருக்குமே அந்த 120 உறுத்தவில்லை.

உடம்பும் ஒரு கணக்குதான். என் அப்பா தலைமுறையில் கால்பந்து என்றால் வேலை. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, துறைமுகம், இந்தியன் வங்கி என்று ஒவ்வொன்றுக்கும் அணி இருந்தது. நன்றாக ஆடினால் சம்பளம், மருத்துவம், பென்ஷன். முழங்கால் போனாலும் மேசை இருக்கும். அந்த ஆளெடுப்பு சுருங்கியது, அதன் இடத்தில் வந்தது பருவத்துக்குப் பருவம் முடியும் ஒப்பந்தம். ஒப்பந்தமும் இல்லாத வீராங்கனைக்கு? 2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, முழங்காலுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் போய், முதலில் காலை இழந்தார், பிறகு உயிரை. கல்லூரி முதலாண்டு. அவரைப் பற்றி ஒரு பத்தியில் எழுதி நகர என்னால் முடியவில்லை, எழுதாமல் விடவும் முடியவில்லை.

இந்த வருஷத் தடைக்காலத்தில் அண்ணனிடம் ஒரு நீண்ட ரிஜிஸ்டர் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அணியைச் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு முன் பையன்களின் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள் எல்லாம் வேண்டும் என்றேன். “இன்னா டாக்டரே, உன் தீசிஸ் வேலையெல்லாம் என் தலைல கட்டுறியா?” என்றார். பிறகு அவரே உட்கார்ந்தார். தினம் கொஞ்சமாக ஆறு நாள் எழுதினோம். பழைய ஆட்களையும் எழுதச் சொன்னார், கடந்துபோனதற்குப் பணம் வராது என்று தெரிந்தும். நாற்பத்திரண்டாவது பெயர் எழுதியதும் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“லெஃப்ட் விங்கு எங்க?”

“அவரு கெஸ்ட் ப்ளேயர்தானேண்ணா?”

“பத்து வருஷம் வந்தவன் கெஸ்ட்டா? எழுதுடா.”

பிறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி நானே போனேன். லோடு வேலை முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது, டீ வாங்கிவரச் சொன்னார். நோட்டைக் காட்டி விவரத்தைச் சொன்னேன். கோயில் முனையைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை சரியாக வரவில்லை. அவர் குறுக்கே பேசினார்.

“என் பேரு இப்ப எதுக்கு தம்பி? பையன் பேர எழுது. ரெண்டாயிரத்துப் பதினாலு, ஆகஸ்ட்டு. அவனும் லெஃப்ட் கால்தான்.”

இரண்டு பெயரையும் எழுதினேன். பையனுக்கு வரும் ஆகஸ்டில் 12 ஆகிறது. விதிப்படி பயிற்சிக் கணக்கு தொடங்கும் வயது அது. பதிவு விண்ணப்பத்தை அதற்குள் கொடுத்தாக வேண்டும்.