கவிழ்த்துப் பார்த்த கார்



1948ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இலண்டன் மாநகரின் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஒரு சிறிய கார் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மோரிஸ் மைனர் என்பது அதன் பெயர். அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் பொறியாளர் அதை வடிவமைத்தார். நடுத்தரக் குடும்பங்களும் வாங்கக்கூடியதாக அமைந்த அந்த வண்டி 1970களின் தொடக்கம்வரை உற்பத்தியில் இருந்தது. 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டு ஓடி, 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரும் அதே மோரிஸ் நிறுவனத்தின் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழித்தோன்றலே.

பழைய மைனர் வண்டிகளைக் கண்ணெனக் காத்துப் புதுப்பிக்கும் அன்பர்கள் இங்கிலாந்தில் இன்றும் பலர் உள்ளனர். அவர்களுக்கு வாய்த்த பெரும் பகை துரு. மழையும், குளிர்காலத்தில் பனிக்கட்டி உறையாமலிருக்கச் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து வண்டியின் அடிப்பக்கத்தை அரித்துவிடுகின்றன. லாரிக்கு இருப்பதுபோல் இந்த வண்டிக்குத் தனியான முழுச் சட்டம் கிடையாது. தளம், கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவிட்டங்கள், தூண்கள், கூரை ஆகிய யாவும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, உடலே சட்டமாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே பக்கவிட்டம் துருப்பிடித்தால் அது வெறும் அழகுக் குறை அன்று. மோதல் நேரும் வேளையில் உள்ளிருப்போரைக் காக்க வேண்டிய கூடு வலுவிழந்துவிட்டது என்று பொருள்.

இதை மறைப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் ‘பட்டி போடுதல்’ என்பார்கள். நல்ல தகட்டின்மேல் உள்ள சிறு பள்ளத்தை நிரவ மெல்லியதாகப் பட்டி பூசுவது முறையான வேலைதான். ஆனால் துருவேறி ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டியால் நிரப்பி, மேலே பளபளக்கும் வண்ணம் பூசுவோரும் உண்டு. விற்கும் நாளில் வண்டி மணப்பெண்போல் நிற்கும். உள்ளேயோ ஈரம் தங்கித் துரு தன் வேலையைத் தொடரும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் அது ஒட்டுவதில்லை!

மனச்சாட்சியுள்ள வேலையாள் வேறு வழியை நாடுகிறார். இயந்திரம், கண்ணாடிகள், இருக்கைகள், பெட்ரோல் தொட்டி, மின்கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, வெற்று உடலை ‘ரோட்டிசரி’ என்ற சுழல் தாங்கியில் ஏற்றுகிறார். கோழியைக் கம்பியில் கோத்துத் தணலில் சுழற்றிச் சுடும் கருவியின் பெயரே இதற்கும் வந்தது. முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்றாக இரண்டு தாங்கிகள். அவற்றின் அச்சு உடலின் எடை மையத்தின் வழியே செல்லுமாறு சரிசெய்துவிட்டால், ஒருவர் கையாலேயே அந்தப் பெரிய கூட்டைத் திருப்பிவிடலாம். வேண்டிய கோணத்தில் நிறுத்திப் பூட்டியதும், இத்தனை ஆண்டுகள் எவரும் காணாத அடிப்பக்கம் கண்ணெதிரே வருகிறது. மல்லாந்து படுத்துத் துருத்தூள் கண்ணில் விழ வேலை செய்த நிலை மாறி, நின்றுகொண்டே அழுகிய தகட்டை வெட்டி, புதிய தகட்டைப் பற்றவைக்க முடிகிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. சுழல் தாங்கி உடலை இரு முனைகளில் மட்டுமே பிடித்திருக்கிறது. பக்கவிட்டங்கள் ஏற்கெனவே உளுத்திருந்தால் உடல் நடுவில் தொய்ந்து, கதவுகள் பொருந்தாமல் போய்விடும். அதனால் அறிந்தோர் முதலில் அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து முட்டுக் கொடுப்பார்கள். மிகவும் நலிந்த விட்டங்களைத் தரையில் வைத்தே, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என மாற்றுவார்கள். அதன் பின்னரே கவிழ்ப்பார்கள்.

நம் இல்லங்களில் நாம் மறந்துவிடுவது இந்த முட்டுக் கொடுக்கும் வேலையைத்தான். கணவன் மறைத்து வைத்த கடன் வெளிப்படுகிறது. மகன் தேர்வில் தவறியதை ஒளித்தது தெரியவருகிறது. உடனே, உறவினர் முன்னிலையில் அவரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறோம். குற்றம் வெளிச்சத்துக்கு வந்தது உண்மையே. ஆனால் மனிதர் நடுவில் முறிந்துபோகிறார். “என்ன நேர்ந்தாலும் நீ எங்களுக்கு உரியவன்” என்ற உறுதியை முதலில் அளித்துவிட்டு, அதன்பின் உண்மையைக் கேட்டால் என்ன? ஊதாரி மகன் தன் அறிக்கையைச் சொல்லி முடிக்கும் முன்பே தந்தை ஓடிச்சென்று அவனைக் கட்டித் தழுவியதாக அன்றோ ஆண்டவர் உவமை சொன்னார்?

அதே வேளையில், அன்பு என்ற பெயரில் பட்டி பூசிவிடவும் கூடாது. “போகட்டும், ஊருக்குத் தெரியாமல் இருந்தால் சரி” என்று மூடிய குடிப்பழக்கம் எத்தனை வீடுகளின் பக்கவிட்டத்தை அரித்திருக்கிறது! வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் கடிந்துரைத்ததும் இதனால்தான்.

பிரிட்டனில் 2018ஆம் ஆண்டு மே மாதம் ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயப் பரிசோதனை தேவையில்லை என்பதே அது. ஆயினும் வண்டி சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளரைச் சார்ந்ததே. பரிசோதகர் வரமாட்டார், ஆனால் வண்டியில் ஏறி அமர்வது அவருடைய சொந்தப் பிள்ளைகள். நம் மூதாதையர் இரவு செபத்தோடு செய்துவந்த ஆத்தும சோதனையும் இத்தகையதே. எவரும் கட்டாயப்படுத்தாத அந்தச் சோதனையைக் கைவிட்டால், நம் மறைவான துருவின் விலையை நம்மோடு பயணம் செய்வோர் கொடுக்க நேரிடும்.

வெட்டத் தொடங்கியதும், வெளியே தெரிந்ததைவிட உள்ளே சேதம் பெரிதாயிருப்பது வழக்கம். வேலையாள் மனம் தளர்வதில்லை. நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டுகிறார். பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்லும் நாமும் மேலோட்டமான இரண்டு மூன்று குறைகளோடு நின்றுவிடலாகாது. வெறுமையாக்கிய இரும்பும் ஈரக்காற்றில் விரைவில் மீண்டும் துருவேறும். எனவே தாமதமின்றிப் பாதுகாப்புப் பூச்சு இடவேண்டும். மன்னிப்புப் பெற்ற ஆன்மாவுக்கு நற்கருணையும் செபமும் உடனே தேவைப்படுவது அதுபோலவே.

இறுதியாக, தூரிகை எட்டாத குழிகளுக்குள் மெழுகைப் பீய்ச்சுகிறார்கள். நீர் வடிவதற்கான சிறு துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சினம் தணியாமல் பொழுது சாயலாகாது என்று புனித பவுல் எபேசியருக்கு அறிவுறுத்தியது, வீட்டில் அத்தகைய ஒரு துளையைத் திறந்து வைக்கத்தான்.

இந்த மாதத்தில் ஒரு மாலை, பிள்ளைகள் உறங்கிய பின் கணவனும் மனைவியும் சிறிது நேரம் சேர்ந்து அமருங்கள். முதலில் ஒருவரையொருவர் பாராட்டி ஒரு சொல் கூறுங்கள். பிறகு, நெடுநாளாகச் சொல்லாமல் விட்ட ஒன்றை அச்சமின்றிச் சொல்லுங்கள். சேர்ந்து ஓர் அருள்நிறை மரியே சொல்லி முடியுங்கள்.