எஞ்சின் லைட்டை அணைப்பதா, எஞ்சினைத் திருத்துவதா?



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்புகிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் நாலு ஆசிரியர்கள். ஒரே காரில்தான் பாடசாலைக்குப் போய் வருகிறோம். வாரத்துக்கு ஒருவர் பெற்றோல் போடுவது கணக்கு. காரின் புத்தகம் எங்களில் ஒருவருடைய பெயரில் இருந்தாலும் அதன் நோய் நொடி நாலு பேருக்கும் சொந்தம்.

போன வருடம் ஒரு நாள் அந்தக் காரில் மஞ்சள் நிற எஞ்சின் லைட் பத்தியது. கார் வழமை போல ஓடியது. சத்தம் இல்லை, இழுவையும் குறையவில்லை. "ஓடுதுதானே" என்று ஒரு வாரம் விட்டுவிட்டோம். ஆனால் வருமான அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டது. அதற்கு முதல் புகைப் பரிசோதனை எடுக்க வேண்டும். அதனால் ஒரு கராஜுக்குக் கொண்டு போனோம்.

அங்கிருந்த தம்பி ஸ்கேனரைச் செருகினார். ஒரு நிமிடம் கூட இல்லை, 'பி 0420' என்று வந்தது. அடுத்த நிமிடமே தீர்ப்பும் வந்தது.

"சேர், கெட்டலிக் முடிஞ்சி. புதுசு போடுறண்டா லட்சக் கணக்குல வரும். கழட்டிட்டு நேர்க் குழாய வெச்சி விடுறன். பழசுக்கு நாங்களே காசு தாறம். கார் இன்னும் நல்லா இழுக்கும்."

உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாதக் கடைசி. செலவுக்குப் போன இடத்தில் கைக்குக் காசு தருகிறேன் என்கிறார். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அன்றைக்கு நோன்பு காலம், பின்னேரமாகிவிட்டதால் "நாளைக்கு வாறம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். அந்த ஒரு இரவு கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

கெட்டலிக் கன்வேர்ட்டர் என்பது என்ன? சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நாங்களே ஊக்கி என்று படிப்பிக்கிறோம். ஐதரசன் பரவொட்சைட்டில் கொஞ்சம் மங்கனீசீரொட்சைட்டைப் போட்டால் குமிழி பறக்கும், ஆனால் போட்ட மங்கனீசீரொட்சைட்டு செலவாகாது. அதே பாடம்தான் காரின் அடியிலும் நடக்கிறது. சைலன்சர் குழாயில் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. அதன் துளைச் சுவர்களில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். எஞ்சினில் இருந்து வரும் காபனோரொட்சைட்டையும் எரியாத பெற்றோலையும் அது காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. நைதரசன் ஒட்சைட்டுகளை மறுபடியும் சாதாரண நைதரசனாக்குகிறது. விலை உயர்ந்த இந்த உலோகங்களுக்காகத்தான் பழைய பெட்டிக்கும் காசு தருகிறார்கள். யாரும் எங்கள் மீது இரக்கப்பட்டுத் தரவில்லை.

இந்தப் பெட்டிக்கு ஈயம் ஆகாது. ஈயம் கலந்த பெற்றோலை எரித்தால் பூச்சு செத்துவிடும். எங்கள் நாட்டில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் புகைப் பரிசோதனை தொடங்கியது. அதாவது, இந்தப் பெட்டி வேலை செய்வதற்குத் தேவையான பெற்றோலை நாடு காசு செலவழித்துக் கொண்டுவந்தது. நாங்கள் பெட்டியைக் கழற்றி விற்கிறோம்.

இனி அந்த 'பி 0420'க்கு வருவோம். அதன் அர்த்தம் "கெட்டலிக் முடிந்தது" என்பதல்ல. "கெட்டலிக்கின் செயற்றிறன் எல்லைக்குக் கீழே இருப்பதாகத் தெரிகிறது" என்பதுதான். 'தெரிகிறது' என்ற சொல்தான் இதில் முக்கியம்.

காரின் கம்ப்யூட்டர் கெட்டலிக்கை நேரடியாகப் பார்ப்பதில்லை. பெட்டிக்கு முன்னால் ஒரு ஒட்சிசன் சென்சர், பின்னால் ஒன்று. முன் சென்சரின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கெட்டலிக் நல்லதாக இருந்தால் அது ஒட்சிசனைத் தன்னுள் வைத்து வைத்து விடும், அதனால் பின் சென்சர் அமைதியாக, பெரும்பாலும் 0.6, 0.7 வோல்ட் அளவில் நிற்கும். பின் சென்சரும் முன்னதைப் போல ஆடத் தொடங்கினால் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு லைட்டைப் போடும். சில ஜப்பான் கார்களில் முன்னால் இருப்பது வேறு வகைச் சென்சர், அதன் அளவு வேறு மாதிரி இருக்கும். அங்கும் கவனிக்க வேண்டியது பின் சென்சரைத்தான்.

அப்படியானால் பின் சென்சர் ஏன் ஆடுகிறது? கெட்டலிக் பழுதாகியிருக்கலாம். சென்சரே கிழடாகியிருக்கலாம். அல்லது குழாயில் எங்காவது ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே போயிருக்கலாம். வெளிக்காற்றில் உள்ள ஒட்சிசனைப் பின் சென்சர் பார்த்தால் அது கெட்டலிக்கின் குற்றமாகத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தேர்மாமீற்றர் காட்டினால் உடனே ஒப்பரேஷன் செய்வோமா? என்ன காய்ச்சல் என்று பார்ப்போம். கோட் என்பதும் தேர்மாமீற்றர் மாதிரித்தான்.

அடுத்த நாள் நாங்கள் வேறொரு கராஜுக்குப் போனோம். வயதான ஒரு நானா. அவரிடம் பெரிய ஸ்கேனர் இல்லை, ஃபோனில் வேலை செய்யும் சின்னது ஒன்றுதான். அதில் கோட்டோடு சேர்ந்து பதிவாகியிருந்த விபரங்களைப் பார்த்தார். லைட் பத்தின நேரம் எஞ்சின் எத்தனை சூட்டில் இருந்தது, எத்தனை வேகத்தில் ஓடியது என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைத்திருக்குமாம். "அழிச்சிட்டு வந்திருந்தீங்கண்டா இது இரிக்காது" என்றார். பிறகு கார் ஆறியிருந்த நேரத்தில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பின்குழாயை ஈரத் துணியால் லேசாக அடைத்துவிட்டு, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணியைத் தெளித்தார். கெட்டலிக்குக்கும் பின் சென்சருக்கும் நடுவில் ஒரு பிளாஞ்சில் குமிழி வந்தது.

துரு. நாங்கள் கடற்கரை ஊர்க்காரர். உப்புக் காற்று கூரைத் தகட்டையே தின்கிறது, சைலன்சரை விடுமா?

கேஸ்கட் மாற்றி, துருப் பிடித்த இடத்தை வெட்டி ஒட்டினார். கூலியோடு 6,500 ரூபாய். கோட்டை அழித்துவிட்டு "ஒரு கிழமை ஓடிப் பாருங்க, திரும்பி வந்தா மத்ததப் பாப்பம்" என்றார். திரும்பி வரவில்லை. புகைப் பரிசோதனையும் பாஸ். முதல் நாள் சரி என்று சொல்லியிருந்தால், நல்ல கெட்டலிக் ஒன்றை விற்றுவிட்டு ஓட்டைக் குழாயோடு வந்திருப்போம்.

எங்களுக்குத் தெரிந்த இன்னொரு ஆசிரியருக்கு இந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. அவர் கடன் எடுத்துப் பாவித்த கார் ஒன்று வாங்கினார். லைட் எதுவும் பத்தவில்லை, கையில் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தது. ஆனால் கண்ணாடியைத் திறந்து ஓடினால் பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தலையிடி. பெற்றோல் மணம். தூக்கிப் பார்த்தபோது கெட்டலிக்கின் கூடு அப்படியே இருந்தது, அதில் ஒரு பக்கம் வெல்டிங் தழும்பு. வெட்டி உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வெறும் டப்பாவை ஒட்டியிருக்கிறார்கள். லைட் பத்தாமல் இருக்க, பின் சென்சருக்கு அடியில் ஒரு இடைத்துண்டு வைத்து அதைக் குழாயிலிருந்து தூக்கிவிட்டிருக்கிறார்கள். முன்னைய சொந்தக்காரர் செய்ததா, அவருக்கே தெரியாமல் கராஜில் நடந்ததா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

விற்கும் பொருளின் குறையை மறைப்பது கூடாது என்று ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! வாழைக்குலையில் பழுத்ததை மேலே வைத்து விற்றால் சண்டை போடுகிறோம். கெட்டலிக் இல்லாத காரை விற்பது மட்டும் கெட்டித்தனமா?

இதைப் பேசினால் சிலர் கேட்கிறார்கள்: "பஸ்ஸும் லொறியும் கறுப்புக் கறுப்பாகப் புகை விடுது. எங்கட சின்னக் காரா பெரிசு?"

பஸ் புகை விடுவதும் பிழைதான். ஆனால் கறுப்புப் புகையைக் கண்டால் முகத்தைப் பொத்துகிறோம், விலகி நிற்கிறோம். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பகல் ஒன்றரை மணிக்கு எந்தப் பாடசாலை வாசலுக்கும் போய்ப் பாருங்கள். ஏசி போட்டபடி வரிசையாகக் கார்கள், வேன்கள், ஓட்டோக்கள். பின்குழாயின் உயரமும் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் முகமும் எவ்வளவு தூரம் என்று நாங்கள் வாசலில் கடமைக்கு நிற்கும் நாட்களில் பார்க்கிறோம். இன்னொன்று, கெட்டலிக் நன்றாகச் சூடாகினால்தான் வேலை செய்யும், ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வேண்டும். ஆறிய காரை ஸ்டார்ட் பண்ணிய முதல் நிமிடங்களில் நல்ல காரே கெட்ட புகைதான் விடும். கெட்டலிக்கே இல்லாத கார் எப்போதும் அப்படித்தான்.

"பரிசோதனையில் பாஸ்தானே" என்பது அடுத்த பதில். பரிசோதனை வருடத்துக்கு ஒரு நாள். பெற்றோல் வாகனத்துக்கு அங்கே முக்கியமாகப் பார்ப்பது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும். அந்த ஆசிரியரின் டப்பா காரிடமும் சான்றிதழ் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். சான்றிதழ் லைசன் எடுக்க உதவும். பிள்ளையின் நெஞ்சுக்குப் பொறுப்பு நாங்கள்தான்.

கராஜ் தம்பிமாரை நாங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. எங்களிடம் படித்த பிள்ளைகளும் அந்த வேலையில் இருக்கிறார்கள். ஸ்கேனர் வாங்கக் கடன் எடுக்கிறார்கள், அதை வாசிக்க யாரும் படிப்பித்துக் கொடுப்பதில்லை. நாங்களும் "கெதியா முடி, குறைச்சலா முடி" என்றுதான் போய் நிற்கிறோம். நேரம் எடுத்துத் தேடிப் பார்க்கிறவருக்குத் தேடின கூலி கொடுக்க மனம் வருவதில்லை. சாமான் மாற்றினால்தான் காசு கொடுப்போம் என்றால் அவர் சாமானைத்தான் மாற்றுவார். பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஆகவே நாங்கள் பட்டுப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறோம்.

1. லைட் விட்டு விட்டு மின்னினால் ஓட வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. எரியாத பெற்றோல் கெட்டலிக்குக்குள் போய் அங்கே எரியும், அந்தச் சூட்டில் தேன்கூடு உருகிவிடும். ப்ளக் அல்லது கொயிலோடு போக வேண்டிய செலவு லட்சத்தில் முடியும். மின்னாமல் பத்தி நிற்கும் லைட் என்றால் கார் ஒழுங்காக ஓடும் வரை மெதுவாகக் கராஜுக்குப் போகலாம்.

2. கோட்டை உடனே அழிக்கச் சொல்லாதீர்கள். முதலில் எழுதி வையுங்கள், ஃபோனில் படம் எடுங்கள். லைட்டை அணைப்பதால் நோய் மாறாது. சாட்சிதான் அழியும்.

3. 'பி 0420'ஓடு வேறு கோட் இருந்தால் அதை முதலில் பாருங்கள். 'பி 0300', 'பி 0301' போன்றவை சிலிண்டர் எரியாததைச் சொல்பவை. 'பி 0171' பெற்றோலுக்குக் காற்று கூடிவிட்டதைச் சொல்வது. அவற்றைத் திருத்தாமல் புதுக் கெட்டலிக் போட்டால் அதுவும் போகும்.

4. எஞ்சின் ஒயில் குறைகிறதா, ரேடியேற்றர் தண்ணி காரணமில்லாமல் குறைகிறதா என்று பாருங்கள். ஒயிலில் உள்ள பொஸ்பரசும் நாகமும் பூச்சை மூடிவிடும். நீலப் புகை விடும் எஞ்சினுக்குப் புதுக் கெட்டலிக் போடுவது, ஓட்டை வாளிக்குத் தண்ணி ஊற்றுவது.

5. எங்களைப் போன்ற கடற்கரை ஊர்க்காரர் முதலில் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆகக் குறைந்த செலவு அதுதான்.

6. எதைக் கழற்றினாலும் பழைய சாமானை வீட்டுக்குக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. பில்லில் கோட்டையும் செய்த வேலையையும் எழுதச் சொல்லுங்கள்.

7. பாவித்த கார் வாங்கும்போது தூக்கி வைத்து அடியைப் பாருங்கள். கெட்டலிக்கில் புது வெல்டிங் இருந்தால் காரணம் கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது எஞ்சின் லைட் ஒரு தரம் பத்த வேண்டும். பத்தவே இல்லையென்றால் யாரோ அதைப் பிடுங்கியிருக்கலாம்.

8. பாடசாலை வாசலில் எஞ்சினை நிறுத்துங்கள். இதற்கு ஸ்கேனரும் வேண்டாம், காசும் வேண்டாம்.

ஸ்கூல் வேன் ஓட்டும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வேனில் ஏறும் பிள்ளைகள் உங்களிடம் தரப்பட்ட அமானிதம். டயரையும் பிரேக்கையும் பார்ப்பது போலப் புகையையும் பாருங்கள். பெற்றோரே, மாதக் காசில் நூறு இருநூறு கூட்டிக் கேட்டால் உடனே வேறு வேன் தேட வேண்டாம். "வேனைத் திருத்தி ஓடுங்க, நாங்க சேர்ந்து தாறம்" என்று சொல்லிப் பாருங்கள்.

எங்கள் கார் இப்போதும் ஓடுகிறது. லைட் பத்தவில்லை. அந்த நானாவிடம் போய் நன்றி சொன்னபோது "லைட்டுக்குச் சொல்லுங்க சேர், அதுதானே சொல்லித் தந்திச்சி" என்று சிரித்தார்.

கராஜ் வேலை தெரிந்தவர்கள் நாங்கள் எழுதியதில் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள். கெட்டலிக் விஷயத்தில் ஏமாந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். கராஜ் பெயர், ஆள் பெயர் வேண்டாம். யாரையும் அவமானப்படுத்துவது எங்கள் நோக்கமல்ல.