மேய்சி தைரியசாலி, சரி. உடம்பு முடியலேன்னா?

பழைய ஹாலிவுட் காமெடி பிடிக்குமா? அப்போ மேய்சி படங்களைத் தேடிப் பாருங்க. அதைப் பற்றி ஒரு டாக்டராக எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கு. கொஞ்சம் நீளமான இழை.

1939 முதல் 1947 வரை எம்ஜிஎம் எடுத்த 10 படங்கள். மேய்சி ஒரு மேடை நடனக்காரி. கையில காசு இருக்காது, வாய் மட்டும் நீளம். முதல் படத்திலேயே வேலைக்குன்னு வயோமிங் வரை போவாள். போனா ஷோவே மூடியாச்சு. அழுதுட்டு உட்கார மாட்டாள், அடுத்த வேலையைப் பிடிப்பாள். 1943 படத்தில் விமானத் தொழிற்சாலையில் வேலை.

எல்லாமே நல்ல படம்னு சொல்ல மாட்டேன். 'காங்கோ மேய்சி'யில் ஆப்பிரிக்க மக்களைக் காட்டிய விதம் இன்னைக்குப் பார்க்கவே சங்கடம். ஆனா மேய்சியாக நடித்த ஆன் சதர்னுக்காகப் பார்க்கலாம்.

இந்தக் கதையை எம்ஜிஎம் முதலில் வாங்கியது ஜீன் ஹார்லோவுக்காக. 1937 மே மாதம் 'சரடோகா' படப்பிடிப்பில் அவர் உடம்பு முடியாமல் சரிந்தார். ஜூன் 7 அன்று சிறுநீரகச் செயலிழப்பால் மரணம். வயது 26.

15 வயதில் அவருக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர்களின் ஊகம். காப்பாற்ற அன்றைக்கு டயாலிசிஸ் கிடையாது. நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகம் செய்ததே 1943இல்தான்.

ஸ்டுடியோ என்ன செய்தது? டூப் போட்டு மீதிக் காட்சிகளை முடித்து, அடுத்த மாதமே படத்தை வெளியிட்டது.

ஆன் சதர்ன் கதையும் பெரிசா மாறலை. 1950 வாக்கில் அவருக்குக் கல்லீரல் அழற்சி. அசுத்தமான சீரம் ஊசியால் வந்தது என்பார்கள். நீண்ட நாள் படுக்கை. 10 படம் நடித்துக் கொடுத்தவரின் ஒப்பந்தத்தை எம்ஜிஎம் ரத்து செய்தது. பிறகு டிவியில் மீண்டு வந்தார். 1987இல் வந்த ஒரு படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார்.

"பாருங்க, எவ்வளவு தன்னம்பிக்கை!"ன்னு இதை ஸ்டேட்டஸ் வைக்கலாம். எனக்கு அப்படித் தோணலை. திரையில் மேய்சிக்கு வேலை போகும், பசிக்கும். ஆனா மாசக்கணக்கில் படுத்துக் கிடக்க மாட்டாள். நிஜத்தில் உழைக்கிறவங்களுக்கு உடம்பும் படுக்கும். அப்போ தேவை தைரியம் மட்டுமல்ல. சம்பளத்தோடு லீவும், திரும்பி வந்தா வேலை இருக்கும் என்ற உறுதியும். "லீவு போட்டா கூலி போயிடும் சார்"னு சொல்றவங்களை ஓபியில் தினமும் பார்க்கிறோம். அவங்க கோழை இல்லைங்க. நோய் முற்றி வருவதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

கடைசியா, டாக்டர் வேலையையும் செஞ்சிடறேன்:

• தொண்டை வலி அல்லது தோல் புண் வந்து சில வாரத்துக்குள் முகம் வீங்கினாலோ, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ உடனே மருத்துவமனைக்கு வாங்க. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம்.

• ஊசி போடும்போது புது ஊசியைப் பிரிக்கிறாங்களான்னு பாருங்க. கேட்கிறது தப்பே இல்லை.

• உங்க கடையில், வீட்டில் ஒருத்தர் வேலை செய்றாங்களா? காய்ச்சல்னு சொன்னா சம்பளம் பிடிக்காம லீவு கொடுங்க.