நிலமற்றோரின் வாக்குச்சீட்டு

சத்தியமங்கலத்திலிருந்து ஆசனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் தமிழர்கள் ஒடேயர்பாளையத்தின் திபெத்தியக் குடியிருப்பை அறிவர். 1970களில் கொள்ளேகால் பகுதியில் அமைந்த அக்குடியிருப்பு, அவர்களுட் பலருக்கு ஒரு மடாலயமும் மோமோ கடையும் மட்டுமே. அங்கு வாழும் ஏதிலியர் தம் அமைச்சரவைத் தலைவரைத் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள் என்பதை எத்தனை பேர் அறிவர்?

2001ஆம் ஆண்டு, முதன்முறையாக நேரடி வாக்கெடுப்பில் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சம்தோங் ரின்போசே. 1939இல் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியில் பிறந்து, 1959இல் தாயகம் நீங்கி இந்தியாவை அடைந்த துறவி அவர். 1971 முதல் முப்பதாண்டுகள் சாரநாத்தின் திபெத்திய உயர்கல்வி நிறுவனத்திற்குத் தலைமை தாங்கினார். மூலம் அழிந்து திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டும் எஞ்சிய சமஸ்கிருத நூல்களை அங்குள்ள அறிஞர்கள் மீட்டுருவாக்கினர். அடைக்கலம் தந்த நாட்டுக்கு அது இழந்த நூல்களை ஏதிலியர் திருப்பியளித்தனர்.

அறிஞருக்கு அரசியல் எதற்கு என்பாருக்கு விடை, 1991ஆம் ஆண்டின் புலம்பெயர் திபெத்தியர் சாசனம். அதன் வரைவுக்குழுவில் இருந்த ரின்போசே, பின்னர் பத்தாண்டுகள் அவர்தம் பேரவையின் தலைவராக விளங்கினார். இரு பதவிக்காலம் அமைச்சரவையை நடத்தி, 2011இல் விலகினார். அவ்வாண்டே தலாய் லாமா தம் அரசியல் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்டோரிடம் ஒப்படைத்தார். நூற்றாண்டுகள் நீடித்த ஒரு மரபு இரத்தம் சிந்தாமல் முடிவுற்றது. தேர்தலுக்குப் பழகிய ஒரு மக்கள் இல்லாமல் இது எவ்வாறு இயன்றிருக்கும்?

நிலமில்லா அரசு வெறும் நாடகம் என்பர் சிலர். அதனை எந்நாடும் ஏற்கவில்லை என்பது மெய்யே. முழு விடுதலையைக் கைவிட்டுத் தன்னாட்சி கோரிய ரின்போசேயின் வழியைத் திபெத்திய இளைஞர் பலர் கடுமையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்புக்கும் நியாயம் உண்டு. ஆயினும் அவ்வெதிர்ப்பை எழுப்பப் பேரவையும் தேர்தலும் அவர்களிடம் இருந்தன. ஒரு தலைவர் தம்மை மறுக்கும் உரிமையையும் தம் மக்களுக்குக் கற்பித்துச் செல்வதே தேசம் சமைக்கும் பணியின் மெய்யான சோதனை.

தமிழ்நாட்டில் மொழியையே தேசமெனப் போற்றும் மேடைகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் தம் தலைவரை மறைவாக்கெடுப்பில் மாற்றிய அமைப்புகள் எத்தனை? அழிந்த நூலொன்றை மீட்டவை எத்தனை? மாதேஸ்வரனை வழிபட்டுத் திரும்புவோர் ஒடேயர்பாளையத்தில் ஒரு நாழிகை நின்று, இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடட்டும்.