பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

ஓர் எண் மாறிற்று. ஒரே ஓர் எண்! 958 என்று சொல்ல வேண்டிய வாய், 907 என்று சொல்லிற்று. அந்த ஒரு சொல்லால் 677 உயிர்கள் வானத்திலே ஊசலாடின.

2001-ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள். ஜப்பான் நாட்டின் யாய்சு நகருக்கருகே, வான்வெளியிலே நடந்தது இது. டோக்கியோவிலிருந்து நாகா நகருக்குக் கிளம்பி மேலேறிக் கொண்டிருந்தது 907-ஆம் எண் விமானம். கொரியாவின் பூசான் நகரிலிருந்து நரிதாவுக்கு, 37,000 அடி உயரத்திலே வந்துகொண்டிருந்தது 958. இரண்டுக்கும் தரையிலிருந்து வழி சொன்னவர், பயிற்சியில் இருந்த இளைஞர். வயது 26.

958 கீழே இறங்கட்டும் என்பது அவர் எண்ணம். 'இறங்குக' என்ற ஆணையோ 907-க்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்து பயிற்சி தந்த மேற்பார்வையாளர், பதறிப்போய்த் திருத்த வந்தார். அவர் வாயிலே வந்த எண் 957! அப்படியொரு விமானமே அந்த வானத்தில் இல்லை.

விமானங்களிலே மோதலைத் தடுக்கும் கருவி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, தோழர்களே! 'டீகாஸ்' என்பது அதன் பெயர். எதிரெதிரே வரும் இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு, 'நீ ஏறு, நான் இறங்குகிறேன்' என்று பங்கு போட்டுக்கொள்ளும். 907-இன் கருவி 'ஏறு' என்றது. தரையோ 'இறங்கு' என்றது. விமானி தரையின் சொல்லைக் கேட்டு இறங்கினார். 958-இன் கருவி 'இறங்கு' என்றது. அந்த விமானமும் இறங்கிற்று. இரண்டும் ஒருசேர இறங்கின!

கடைசி நொடியிலே, எதிரே மலைபோல் வந்த விமானத்தைக் கண்ணால் கண்ட 907-இன் விமானி, தன் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி அதன் அடியிலே நுழைந்து தப்பினார். உள்ளே இருந்தவர்கள் கூரையிலே மோதி விழுந்தார்கள். ஏறத்தாழ நூறு பேருக்குக் காயம். ஆனால் உயிர்ச்சேதம் இல்லை.

இந்தச் செய்தியை நம் ஊர்த் திண்ணையிலே சொன்னால், என்ன சொல்வார்கள்? 'ஆண்டவன் காப்பாற்றினான்' என்பார் ஒருவர். 'ஆயுள் கெட்டி' என்பார் மற்றொருவர். காப்பாற்றியது விதியல்ல, விமானியின் விழி! இதை நம் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விதியை நாம் விரட்டிப் பல காலம் ஆயிற்று.

ஆனால் விதியின் இடத்திலே வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை நாம் இன்னும் சரியாக அடையாளம் கண்டுகொள்ளவில்லை. 'தனியாள் பிழை' என்பது அதன் பெயர். 'எல்லாம் அவன் செயல்' என்று அன்று வானத்தைக் காட்டினார்கள். 'எல்லாம் இவன் செயல்' என்று இன்று ஓர் ஊழியரைக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான்! மேலே கை காட்டினாலும் கீழே கை காட்டினாலும், நடுவிலே நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தப்பித்துக் கொள்கிறார்.

ஜப்பானிலே என்ன நடந்தது? பயிற்சியிலிருந்த இளைஞர் மீதும் மேற்பார்வையாளர் மீதும் குற்ற வழக்கு. 2006-இல் கீழ்மன்றம் 'குற்றமில்லை' என்றது. 2008-இல் உயர்நீதிமன்றம் 'குற்றம்' என்றது. 2010-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. முடிந்தது கதை!

எண்ணை மாற்றிச் சொன்னது தவறு. அதை நாம் மறைக்கவில்லை, மன்னிக்கச் சொல்லவுமில்லை. நாம் கேட்பது வேறு. தரை ஒன்று சொல்லி, கருவி வேறொன்று சொன்னால், எதைக் கேட்பது? இதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே தெளிவான விதியை வகுத்து வைக்காதவர் யார்? அந்த இளைஞரா? அவருக்குப் பக்கத்தில் இருந்தவரா? அந்தக் கூண்டிலே ஏற வேண்டியவர்கள் ஏறவேயில்லையே!

விளைவு என்ன? அந்த நிகழ்ச்சி நடந்து பதினேழே மாதங்கள். 2002 ஜூலை முதல் நாள், நள்ளிரவை நெருங்கும் நேரம். ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணி விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதும் பாதையில் வந்தன. ரஷ்ய விமானத்தின் கருவி 'ஏறு' என்றது. தரை 'இறங்கு' என்றது. அதே கேள்வி! அதே குழப்பம்! அவர்களும் தரையின் சொல்லைக் கேட்டு இறங்கினார்கள். சரக்கு விமானமோ கருவி சொன்னபடி இறங்கிக் கொண்டிருந்தது. இம்முறை தப்பவில்லை. 71 பேர் மாண்டார்கள். அவர்களிலே 52 பேர் குழந்தைகள். விடுமுறைக்கு ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்குப் புறப்பட்ட பிஞ்சுகள்!

அந்த வான்பகுதியைக் கவனித்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் நிலையம். அங்கே அன்றிரவு என்ன நிலைமை? இருவர் வேலை. ஒருவர் ஓய்வுக்குப் போய்விட்டார். இரவிலே அப்படிப் போவது பல ஆண்டு வழக்கம், மேலிடமும் அறிந்த வழக்கம். மீதமிருந்தவர் ஒருவர், அவர் பார்க்க வேண்டிய மேசைகள் இரண்டு. பழுதுபார்க்கும் வேலைக்காக, மோதலை முன்கூட்டியே திரையிலே காட்டும் வசதி நிறுத்தப்பட்டிருந்தது. தொலைபேசியும் சரியில்லை. பக்கத்துக் கார்ல்ஸ்ரூ நிலையத்தார் ஆபத்தைக் கண்டு, மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்த்தார்கள். இணைப்பு கிடைக்கவில்லை. ஒரு மனிதனின் காதைப் பொத்தி, கண்ணைக் கட்டி, கையிலே இருவர் வேலையைக் கொடுத்துவிட்டு, 'ஏனப்பா தவறினாய்?' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

பழி அந்த ஒரு மனிதன் மீதே விழுந்தது. மனைவியையும் இரு மக்களையும் பறிகொடுத்த ஒரு தந்தை, 2004-இல் அவர் வீடு தேடிச் சென்று அவரைக் குத்திக் கொன்றார். அந்தத் தந்தையின் துயரம் நமக்குப் புரிகிறது. ஆனால் அவர் கத்தி போய்ச் சேர்ந்த இடம் சரியான இடமா? எய்தவன் இருக்க அம்பை நோவதா? செத்தவர் ஓர் ஊழியர். ஆளைக் குறைத்த ஏற்பாடு சாகவில்லையே!

2007-இலே சுவிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த எட்டுப் பேரை விசாரித்தது. நான்கு நிர்வாகிகள் குற்றவாளிகள் என்றது. மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறை, ஒருவருக்கு அபராதம். தண்டனை சிறிதுதான். ஆனால் சுட்டுவிரல் திரும்பிய திசை பெரிது! அது கீழேயிருந்து மேல் நோக்கித் திரும்பிற்று.

அதன் பிறகுதான், 2003-இலேயே திருத்தப்பட்ட உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியின் அருமையும் நமக்கு விளங்குகிறது. தரையும் கருவியும் மாறுபட்டால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்பது அந்த விதி. ஒரு வரி விதி! அந்த ஒரு வரிக்கு 71 உயிர் விலையா?

இந்தப் பாடம் நம் நாட்டுக்கும் புதிதல்ல. 1996 நவம்பர் 12-இல், டில்லிக்கு அருகே சார்க்கி தாத்ரியில் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டார்கள். அங்கே தரையிலிருந்தவர் தவறவில்லை. கசாக் விமானம்தான் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் பாதை ஒன்றே! விமானத்தின் உயரத்தைக் காட்டாத பழைய ராடார்! விபத்துக்குப் பிறகே பாதைகள் பிரிந்தன, மோதல் தடுப்புக் கருவி கட்டாயமாயிற்று.

ஓய்வு கேட்பவர்களை உலகம் எப்படி நடத்தியது என்பதையும் மறக்க வேண்டாம். 1981-இல் அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டாளர்கள் வாரத்துக்கு 32 மணி நேர வேலை, நல்ல ஊதியம் என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார். அதே அமெரிக்காவில் 1976 முதல் நல்லதொரு ஏற்பாடும் நடக்கிறது. விமானியோ கட்டுப்பாட்டாளரோ, தான் செய்த பிழையைத் தானே எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அஞ்சுகிறவன் மறைப்பான், அஞ்சாதவன் சொல்வான். சொன்னால்தான் அடுத்த விமானம் பிழைக்கும்!

தோழர்களே! ஆலையிலே கை போனால் 'அவன் கவனக்குறைவு' என்கிறார்கள். தண்டவாளத்திலே வண்டி மோதினால், கைகாட்டி போட்டவனைத் தேடுகிறார்கள். இனி அப்படிச் சொல்லும்போது நாம் நான்கு கேள்விகளைக் கேட்போம். எத்தனை மணி நேரமாக வேலை பார்த்தான்? எத்தனை பேர் வேலையை ஒருவன் பார்த்தான்? கருவி வேலை செய்ததா? முன்பே நடந்ததிலிருந்து மேலிடம் என்ன கற்றது?

இவற்றுக்குப் பதில் வரும்வரை, பழியைச் சுமக்க நம் தோளைத் தரமாட்டோம்!